தையல் மெஷினும் தார காந்தாரமும்: ஒரு மாணவியின் குரல் பற்றிய நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் பிளவுஸ் தைக்கும் சின்னக் கடை ஒன்றை நடத்தி வருபவர் இந்த மாணவி. வயது 43. சிறுமியாக இருந்தபோது கர்நாடக சங்கீதத்தில் கீதம் வரை கற்றுக்கொண்டு, கல்யாணத்தோடு விட்டுவிட்டார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, இரண்டு வருடங்களுக்கு முன், பாட்டு சொல்லித் தரும் என்னிடம், மறுபடி முதல் பாடமான ஸரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கற்பனையைக் கொண்டு குரலைத் திருத்துவது பற்றி எல்லோரும் பேசுகிறோம். "மனசுக்குள்ள பாடிப் பாரு" என்று என் குருவும் சொல்வார், நானும் என் மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் மனதுக்குள் என்ன வர வேண்டும், அது யாருடைய மனதிலிருந்து வர வேண்டும் என்பதை இந்த ஒரு மாணவியிடம்தான் நான் சரியாகக் கற்றுக்கொண்டேன்.

வந்தபோது இருந்த சிக்கல்

அவருக்கு 5 கட்டை சுருதி, அதாவது அவர் பாட அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஸட்ஜத்தின் உயரம். மத்திய ஸ்தாயியில் (நடு வரம்பில்) குரல் கனிந்து, நல்ல கார்வையோடு நிற்கும். கல்யாணி ராகத்தில் ஆதி தாள வர்ணம் ஆரம்பித்தபோதுதான் பிரச்சினை வெளியே வந்தது. தார ஸ்தாயியில் (மேல் வரம்பில்) முதல் ஸ்வரமான ஸட்ஜம் வரை சமாளிப்பார். அடுத்த ஸ்வரமான ரிஷபத்தில் குரல் இறுகும். அதற்கடுத்த காந்தாரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் முகவாய் மேலே போகும், கழுத்து நரம்பு புடைக்கும், புருவம் இரண்டும் ஏறும். ஸ்வரம் மட்டும் ஏறாது. சுருதிக்குக் கொஞ்சம் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் இருமல்.

காலை அகார சாதகம், ஜண்டை வரிசை மூன்று காலம், மூச்சுப் பயிற்சி என்று வழக்கமான மருந்துகளையெல்லாம் ஏழெட்டு மாதம் கொடுத்துப் பார்த்தேன். மத்திய ஸ்தாயி இன்னும் அழகானது. காந்தாரம் அங்கேயே நின்றது.

சாயங்காலத்தில் குரல் கரகரக்கிறது என்று சொன்னதால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். எந்தப் பாட்டு ஆசிரியரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. குரல் நாணில் முடிச்சு இருந்தால் கற்பனையும் உதவாது, சாதகமும் உதவாது. கருவி விட்டுப் பார்த்துவிட்டு, முடிச்சு இல்லை, லேசான வீக்கம் மட்டும் என்றார்கள். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே வாடிக்கையாளர்களிடம் உரக்கப் பேசுவதுதான் காரணம். மெஷினை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைச் செய்ததில் கரகரப்பு போனது. காந்தாரம் வரவில்லை.

காது சரியில்லையோ என்று அடுத்து பார்த்தேன். அவர் பாடியதை அலைபேசியில் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினேன். "இங்க கம்மியா இருக்கு டீச்சர்" என்று சரியான இடத்தில் கை வைத்தார். ஆக, காதில் பழுதில்லை.

அன்றைக்கு ஒரு சோதனை செய்தேன். தம்புராவைப் போட்டுவிட்டு, "பாட வேண்டாம்மா. தார காந்தாரத்தை மனசுல மட்டும் நினை. வந்துடுச்சுன்னா விரலைத் தூக்கு" என்றேன். கண்ணை மூடினார். இரண்டு மூன்று வினாடிதான். விரல் எழவில்லை, முகவாய் எழுந்தது. தொண்டையில் குரல்வளை மேலே ஏறுவது எனக்கு எதிரிலிருந்தே தெரிந்தது. ஒரு ஒலிகூட வரவில்லை, ஆனால் சிரமப்படுவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டன.

பிழை தொண்டையில் ஆரம்பிக்கவில்லை. நினைப்பில் ஆரம்பிக்கிறது.

நினைப்பு எப்படித் தொண்டைக்குப் போகிறது

ஒரு அசைவை நினைத்தாலே அந்த அசைவுக்கான தசைகளில் மிகச் சிறிய மின் சலனம் உண்டாவதை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1930-களிலேயே கருவி வைத்துக் காட்டினார். பாட்டுக்கும் இது பொருந்தும். ஒரு மெட்டை மனதில் ஓட்டிப் பார்ப்பவர்களின் குரல்வளைத் தசைகளில் சலனம் தெரிகிறது என்பதைச் சமீப காலத்தில் அளந்திருக்கிறார்கள். சுருதி பிசகிப் பாடுபவர்களுக்கு மனதுக்குள் கேட்கும் ஒலியும் மங்கலாகவே இருக்கிறது என்று ஃபார்ட்ரெஷர், ஹால்பர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். மனதில் ஸ்வரம் எப்படி வருகிறதோ, அதற்கேற்ற ஏற்பாட்டைத் தொண்டை முன்கூட்டியே செய்துவிடுகிறது.

இந்த மாணவியின் மனதில் காந்தாரம் எங்கே இருந்தது? மேலே. பரணில் இருக்கும் டப்பா மாதிரி. எட்டி எடுக்க வேண்டிய ஒரு பொருள். நாம் பேசுகிற பேச்சே அப்படித்தானே இருக்கிறது? "மேல் ஸ்தாயி", "ஏறு", "எட்டிப் பிடி" என்கிறோம். பழந்தமிழ் இசையில் மூன்று ஸ்தாயிகளுக்கும் மெலிவு, சமன், வலிவு என்று பெயர். அங்கே மேல் கீழ் என்ற பேச்சே கிடையாது. எனக்கு அந்தச் சொற்கள் மிகவும் பிடிக்கும். ஆனால் இந்த மாணவியிடம் 'வலிவு' என்று சொல்லியிருந்தால் இன்னும் பலமாக முட்டியிருப்பார் என்பதும் உண்மை.

உடம்பில் நடப்பது ஏறுவதும் இல்லை, முட்டுவதும் இல்லை. 5 கட்டையில் மத்திய ஸட்ஜம் பாடும்போது குரல் நாண்கள் வினாடிக்குச் சுமார் 196 முறை அதிர்கின்றன. தார ஸட்ஜத்தில் 392. தார காந்தாரத்தில் 490-ஐத் தாண்டுகிறது. இதற்காகக் குரல்வளையே கழுத்தில் ஏற வேண்டியதில்லை. அதன் முன்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தசை சுருங்குகிறது. குருத்தெலும்பு லேசாகச் சாய்கிறது. நாண்கள் நீண்டு, மெலிந்து, இறுகுகின்றன. அவ்வளவுதான். இதற்குக் காற்றைக் கூட்டித் தள்ளினால் நாண்கள் ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு எதிர்க்கும். முகவாயைத் தூக்கினால் அந்தச் சின்னத் தசைக்குச் சுதந்திரமாக வேலை செய்ய இடம் கிடைக்காது.

நான் செய்த தவறு

விஷயம் புரிந்த உற்சாகத்தில், ஒரு படத்தை நானே தயார் செய்து கொடுத்தேன். "உச்சந்தலையில் ஒரு தாமரை இருக்கு. மூச்சு அங்க போய்ச் சேரும்போது இதழ் விரியுது. அந்த வெளிச்சத்துல காந்தாரம் தானா நிக்குது." என் இளமையில் எனக்கு இது அற்புதமாக வேலை செய்தது. தலைக்குள் ஒலி ஓடுவதுபோல் உணர்வது உலகெங்கும் பாடகர்களுக்குப் பழக்கமானதுதான். ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1876-இல், இசையமைப்பாளர் வாக்னரின் 'ரிங்' வரிசையிலுள்ள நான்கு இசை நாடகங்களும் முதன்முதலாக ஒன்றாக அரங்கேறியபோது பாடியவர் லில்லி லேமான். அந்த ஜெர்மன் பாடகி 1902-இல் எழுதிய நூலில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தான் தலையில் எங்கெங்கே உணர்கிறேன் என்று படமே வரைந்து காட்டினார். ஒலி பிறப்பது அங்கே இல்லை. ஆனால் அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டால் அதே ஒலியை மறுபடி வரவழைக்க அவருக்கு முடிந்தது. அது அவருடைய உணர்வு, அவர் பல வருடம் பாடி அடைந்தது.

என் மாணவிக்கு அந்தத் தாமரை என்ன செய்தது? உச்சந்தலை என்றதும் முகவாய் இன்னும் ஒரு விரற்கடை மேலே போனது. இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. எனக்குக் கண்ணை மூடினா இருட்டுதான் தெரியுது. தாமரையும் வரல, ஒண்ணும் வரல. நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னு சொல்லல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சிலருக்கு மனக்கண்ணில் படமே தோன்றாது. ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் நிபுணரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2015-இல் இதற்கு 'அஃபாண்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். இந்த மாணவி அந்த வகையா என்று நான் முடிவு கட்டப் போவதில்லை. படம் வரவில்லை என்று அவர் சொன்னதை நம்பினால் போதும். படம் வராதவர்களுக்குக் கற்பனை இல்லை என்று அர்த்தம் இல்லை. காது வழியாக, விரல் வழியாக, உடம்பு வழியாக நினைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. 'காட்சிப்படுத்துதல்' என்ற சொல்லே அவர்களை வாசலில் நிறுத்திவிடுகிறது.

வீணையில் அவர் கண்ட தையல்

என் வீட்டில் பழைய வீணை ஒன்று இருக்கிறது. அடுத்த வகுப்பில் அதை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எனக்கு அப்போது இருந்த எண்ணம் எளிமையானது. வீணையில் தார ஸ்தாயி மேலே இல்லை, வலது கைப் பக்கம் இருக்கிறது. 'எட்டிப் பிடிப்பது' என்ற நினைப்பு அதிலாவது உடையட்டும் என்று பார்த்தேன். யாளி முகத்துப் பக்கத்திலிருந்து 24 மெட்டுகளையும் (தந்திக்கு அடியில் குறுக்காகப் பதிந்திருக்கும் கம்பிகளை) ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு வரச் சொன்னேன்.

பாதி தாண்டியதும் விரல் நின்றது. திரும்பப் போய்த் தடவினார். "இங்க தையல் நெருக்கமா இருக்கு டீச்சர்" என்றார்.

மெட்டுகளைச் சொல்கிறார். ஸ்தாயி கூடக் கூட மெட்டுகளுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வரும். எத்தனையோ வருடமாக நான் பார்த்து வரும் விஷயம்தான். அதில் பாட்டுக்கான ஒரு பாடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தார ஸ்தாயியில் ஸ்வரங்களுக்கு இடையே விரலுக்கு வேலை குறைவு. பெரிய தாவல் அங்கே தேவையில்லை. பொடித் தையல் மாதிரி நுணுக்கம்தான் தேவை.

"பொடித் தையல் போடும்போது என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் அவர்தான் ஆசிரியர். துணியை முன்னால் இழுக்கவே கூடாதாம். புதிதாகத் தைக்க வரும் பெண்கள் எல்லோரும் செய்யும் தப்பு அதுதானாம். இழுத்தால் ஊசி வளையும், சில சமயம் ஒடியும், தையல் சுருங்கும். அடியில் இருக்கும் பல் துணியை நகர்த்திக்கொண்டு போகும். கை வழி காட்டினால் போதும். அப்புறம் நூல் டென்ஷன். மெல்லிய துணிக்கு அந்தத் திருகை ஒரு பொட்டு திருப்பினாலே போதும். அதிகம் இறுக்கினால் நூல் அறுந்துவிடும், தளர்த்திவிட்டால் அடியில் வளையம் வளையமாகத் தொங்கும். "சரியா இருந்தா சத்தத்துலயே தெரியும் டீச்சர். கை பாக்கவே வேண்டாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. குரல் நாண் இறுகுவதற்கும் காற்றைத் தள்ளாமல் இருப்பதற்கும் இதைவிடத் துல்லியமான உவமையை என்னால் எந்த ஜன்மத்திலும் யோசித்திருக்க முடியாது. அது அவர் விரல்களில் இருபது வருடமாக இருக்கிறது.

தம்புராவைப் போட்டேன். "வாய்ல்ஸ் துணி. பொடித் தையல். இழுக்காதே. திருகை ஒரு பொட்டு. சத்தத்தைக் கேளு" என்றேன். வலது கை தானாக முன்னால் வந்து, இல்லாத துணியின் மேல் தட்டையாகப் படுத்தது. முகவாய் லேசாக இறங்கியது. தைக்கும்போது குனிந்துதானே பார்ப்பார்கள்! ரிஷபம் வந்தது. காந்தாரம் வந்தது, மெல்லியதாக, கொஞ்சம் நடுங்கியபடி, ஆனால் சுருதியில். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மறுபடி பாடச் சொன்னேன், வரவில்லை. மூன்றாவது முறை வந்தது.

தினசரிப் பயிற்சி

ஒரு தடவை வந்ததை நிலைக்க வைப்பதுதான் வேலை. கடை திறக்கும் முன் 12 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். தம்புரா ஓட வேண்டும், கையில் தாளம் போட வேண்டும். வர்ணத்தின் ஒரு ஆவர்த்தனத்தை (ஒரு முழுத் தாளச் சுற்றை) வாய்விட்டுப் பாடுவது, அடுத்ததை மனதுக்குள் பாடுவது, அதற்கு அடுத்ததை மறுபடி வாய்விட்டு. மனதுக்குள் ஓடும் ஆவர்த்தனமும் அதே காலப்பிரமாணத்தில் எட்டு எண்ணிக்கை முழுக்க ஓட வேண்டும், அவசரப்படக் கூடாது. விளையாட்டு வீரர்களின் மனப்பயிற்சி பற்றி ஹோம்ஸ், காலின்ஸ் இருவரும் 2001-இல் வகுத்த முறையிலும் இதை வலியுறுத்துகிறார்கள்: உண்மையில் ஆகும் நேரம், உண்மையான இடம், உண்மையான உடல் நிலை. நம் இசையில் கைத்தாளம் அந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகிறது.

இந்தப் பயிற்சியில் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. அனுபல்லவியில் ஒரு இடத்துக்கு வந்தால் மனதுக்குள் பாட்டு மங்கிவிடுகிறது என்றார். அங்கே ஸ்வரங்களை எழுதச் சொன்னேன். இரண்டு ஸ்வரம் தப்பாக எழுதினார். ஒரு வருடமாக என்னோடு சேர்ந்து பாடும்போது என் குரலைப் பற்றிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்திருக்கிறார், அவ்வளவுதான். இது வெறும் பாடாந்தரக் கோளாறு, பாட்டு சரியாக மனப்பாடம் ஆகாததன் பிழை. மௌனத்தில் பாடியிராவிட்டால் இதையும் தொண்டைக் கோளாறு என்றே நான் நினைத்திருப்பேன்.

மனப்பயிற்சி மட்டும் போதுமா என்று அவர் கேட்டார். போதாது. அல்வரோ பாஸ்குவல்-லியோனேயின் குழு 1995-இல் வெளியிட்ட பியானோ ஆய்வை அவருக்குச் சொன்னேன். தினம் 2 மணி நேரம், 5 நாள். ஒரு குழு விரலால் வாசித்தது, இன்னொரு குழு மனதில் மட்டும் வாசித்தது. மனதில் வாசித்தவர்களின் மூளையிலும் விரல் அசைவுக்கான பகுதியில் அதே மாதிரி மாற்றம் தெரிந்தது. ஆனால் வாசிப்பில் அவர்கள் ஒரு படி பின்தங்கியே இருந்தார்கள். அப்புறம் ஒரே ஒரு தடவை 2 மணி நேரம் விரலால் பழகியதும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். நினைப்பு நிலத்தை உழுது வைக்கும். விதைக்க வாய் திறந்தே ஆக வேண்டும்.

ஆறாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து குரல் கட்டிக்கொண்டது. ஒன்பது நாள் பேசக் கூடாது. கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, அது சிலருக்கு நாண்களை இன்னும் இறுக்கும். மனதுக்குள் பாடலாமா என்று தாளில் எழுதிக் காட்டினார். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். 'நான் பாடுகிறேன்' என்று நினைத்தால் தொண்டை லேசாக வேலை செய்யும். அதனால், "யாரோ பாடுவதை நீ கேட்பதுபோல மட்டும் நினை" என்றேன். வர்ணத்தை நான் வீணையில் வாசித்து அனுப்பினேன். அதைக் கேட்டுவிட்டு, நிறுத்தி, மனக்காதில் மறுபடி ஓட்டிக் கேட்பார்.

குரல் திரும்பியபோது காந்தாரம் முன்பைவிடச் சுலபமாக நின்றது. இதற்கு ஓய்வு காரணமா, கேட்டுக்கேட்டு மனதில் பதிந்தது காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடையும் ஒன்பது நாள் மூடியிருந்தது, கத்திப் பேசவும் இல்லை. மொத்த முன்னேற்றத்திலும் அந்தச் சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஏழெட்டு மாத சாதகத்தின் பலன் தாமதமாக வந்து சேர்ந்திருக்கவும் கூடும். ஆனால் அந்தத் தாமரை நாட்களில் முகவாய் ஏறியதையும், வாய்ல்ஸ் துணி என்றதும் இறங்கியதையும் நான் கண்ணால் பார்த்தேன். அது அடுத்தடுத்த வகுப்புகளில், ஒரே தொண்டையில் நடந்தது.

நவராத்திரி

பக்கத்துக் கோவில் மண்டபத்தில் நவராத்திரிக்குப் பாட அழைத்தார்கள். கால் மணி நேரம், அதில் வர்ணமும் உண்டு. அவர் பயந்தது காந்தாரத்துக்கு இல்லை. "எல்லாரும் எங்கிட்ட பிளவுஸ் தைக்கிறவங்க டீச்சர்" என்றார்.

இரண்டு வாரம் அந்த மண்டபத்தையே ஒத்திகையாக்கினோம். படம் வராதவர் என்பதால் மற்ற புலன்களை வைத்துக்கொண்டோம். கருங்கல் தரையின் குளிர்ச்சி காலில் படுவது, கற்பூர வாசனை, மைக்கில் தன் குரல் கொஞ்சம் தள்ளி எதிர்ச்சுவரிலிருந்து திரும்பி வருவது. ஒருநாள் மாலை அங்கேயே போய் உட்கார்ந்து, வாய் திறக்காமல் முழு வர்ணத்தையும் தாளம் போட்டு முடித்தார். பிழை நடப்பதையும் சேர்த்து ஒத்திகை பார்க்கச் சொன்னேன்: காந்தாரம் உடைகிறது, தாளம் நிற்கவில்லை, அடுத்த எண்ணிக்கையில் ஸட்ஜத்தில் வந்து சேர்கிறாய். எல்லாம் நன்றாக நடப்பதாக மட்டும் நினைத்துப் பழகியவர்கள், சின்னத் தடங்கலிலேயே கலைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அன்று பாடினார். முதல் தடவை காந்தாரம் கொஞ்சம் மெலிந்து ஒலித்தது. இரண்டாவது தடவை நிமிர்ந்து நின்றது. வலது கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இடது கை மடிமேல் தட்டையாக, துணியை வழிநடத்துவதுபோல் படுத்திருந்ததை முன்வரிசையிலிருந்து நான் மட்டும் பார்த்தேன்.

இப்போது தார மத்யமம் பழகுகிறோம். பஞ்சமத்தை நான் இன்னும் கேட்கவில்லை. கீழ் ஸ்தாயியில் இருக்கும் மந்தர பஞ்சமம்தான் புதுத் தொல்லை. அங்கே குரல் காற்றாகப் போய்விடுகிறது. பொடித் தையல் அதற்கு உதவவில்லை. போன வாரம் கேட்டதற்கு, "கனமான துணிக்கு வேற ஊசி போடணும் டீச்சர். யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.